புரூஃப் பார்க்கும் மனைவி

கேள்வி: எனக்கு 47 வயது. சொந்தச் செலவில் ஆறு நூல்கள் வெளியிட்டிருக்கிறேன். சரித்திர நாவல் இரண்டு, துப்பறியும் நாவல் ஒன்று, சிறுவர் கதைத் தொகுதி இரண்டு, கதை எழுதப் பழக்கும் கைநூல் ஒன்று. ஒவ்வொன்றிலும் 500 பிரதி அச்சிட்டேன். பாதிக்கு மேல் வீட்டில்தான் கிடக்கிறது. ஒரே வகையோடு நில் என்கிறார்கள் நண்பர்கள். எதை விடுவது? டொமினிக் ஜீவா போல் தனியாகப் போராடுகிறேன். மனைவி ஆசிரியை; எழுத்தில் ஈடுபாடு இல்லாதவர், புரூஃப் மட்டும் பார்த்துத் தருவார். அவருக்கு எப்படி ஆர்வம் ஊட்டுவது?
- வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, உங்கள் ஆறு நூலையும் எழுத்தெழுத்தாக, திருத்தம் போட்ட பிறகு மறுபடியும் வாசித்த ஒரே ஆள் உங்கள் மனைவிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளின் கொப்பிகளையும் திருத்திவிட்டு உங்கள் ஒற்றுப்பிழைகளுக்கு வந்திருப்பார். அவருக்கா ஈடுபாடு இல்லை? எந்த நாவலில் கை சோர்ந்தது, எந்தக் கதைக்குச் சிரித்தார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? எழுதப் பழக்கும் நூல் வேறு போட்டிருக்கிறீர்கள்!

வெளியீட்டு விழாவும் வைத்திருப்பீர்கள். தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை என்று ஆளுக்கு ஆள் பேசியிருப்பார்கள். முதற்பிரதி வாங்கியவருக்கு ஏற்புரையில் நன்றி சொல்லியிருப்பீர்கள். அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்தாரோ என்னவோ. உங்கள் மனைவி அந்த நேரம் எங்கே இருந்தார்? வடையும் தேத்தண்ணியும் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு பின்னால் நின்றிருப்பார் என்பது என் ஊகம்.

ஜீவாவை இழுக்கிறீர்கள். முடிதிருத்தும் தொழிலில் இருந்தபடி 1966இல் 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கி, தானே கையில் கொண்டு திரிந்து விற்ற மனிதர் அவர். வீட்டில் ஆசிரியைச் சம்பளமும் இலவசப் புரூஃபும் இருக்கிற நீங்கள் தனியாகப் போராடுவதாகச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. குடும்பத்தின் காசில் அச்சடிக்கிறவர் குடும்பத்தைக் கேட்டுத்தான் அச்சடிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, எதை விடுவது? எதையும் விட வேண்டாம். பல வகை எழுதுவது குற்றமில்லை. துப்பறியும் கதை கேட்டு வருகிறவரிடம் சரித்திர நாவலை நீட்டினால்தான் விற்காது. சிறுவர் நூல்களைப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்குக் கொடுக்கப் பாருங்கள். அங்கே பரிசு பெரும்பாலும் புத்தகம்தான். ஆசிரியையான உங்கள் மனைவிக்கு அந்த வழி உங்களைவிட நன்றாகத் தெரியும். 500 அடித்தால் ஒரு பிரதியின் விலை குறையும் என்று அச்சகம் சொல்வது ஓப்செற் அச்சில் உண்மை. பக்கங்களை அச்சிடச் செய்யும் தட்டுகளின் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான். ஆனால் விற்காத பிரதிக்கும் நீங்கள்தானே காசு கட்டினீர்கள்? இனி டிஜிட்டலில் நூறு அடியுங்கள். தீர்ந்தால் இன்னொரு நூறு.

ஏழாவது நூலுக்கு முன் அவரைக் கூப்பிட்டு இருத்தி, ஆறிலும் எது தேறும் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அடுத்த நூலின் விபரப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, 'செம்மையாக்கம்' என்று போட்டு அவருடைய பெயர் வர வேண்டும். இனிப் புரூஃப் பார்க்க ஏலாது என்று அவர் சொன்னால், முகத்தைத் தூக்காமல் வெளியில் ஒருவரிடம் பக்கக் கணக்கில் காசு கொடுத்துப் பார்ப்பியுங்கள். இத்தனை நாளும் எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று அப்போது தெரியும்.