நார்த்தூளுக்குள் ஓர் அகல் விளக்கு

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மகனைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். எட்டு வயது. அன்றிலிருந்து எங்கே மண்ணைப் பார்த்தாலும் தோண்டவேண்டும் என்கிறான். சிங்கப்பூரில், வீவக அடுக்குமாடி வீட்டில் எதைத் தோண்டுவது? கடையில் விற்கும் டைனோசர் எலும்புப் பெட்டி வாங்கித் தரலாமா?

ஒரு வாசகி, தெம்பனிஸ்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பெட்டி வேண்டாம். டைனோசர் தொல்லியலில் சேராது. தொல்லியல் மனிதர்கள் விட்டுப்போனதைத் தேடுவது. தவிர, கட்டியை உடைத்து எலும்பை எடுத்ததும் ஆட்டம் முடிந்துவிடும். அகழாய்வில் எடுப்பது சின்ன வேலைதான். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்று எழுதிவைப்பதில்தான் பாதி நாள் போகும்.

பேத்திக்காக நான் ஒரு கண்ணாடி நிற பிளாஸ்டிக் பெட்டி எடுத்தேன். அடியில் தொட்டி மண், நடுவில் மணல், மேலே தேங்காய் நார்த்தூள். தீபாவளிக்கு ஏற்றிய அகல் விளக்கு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்து மணலில் புதைத்தேன் (உடைப்பதை நீங்களே செய்யுங்கள்). அகழாய்வில் எல்லாத் துண்டும் கிடைத்துவிடாதே, அதனால் ஒன்றை மட்டும் ஒளித்துவைத்துக்கொண்டேன். பெட்டியின் மேல் நூல் கட்டி ஆறு கட்டம். கையில் கரண்டி, பழைய பல்துலக்கி, நோட்டு. வரையாமல் எதையும் எடுக்கக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். ஒரு துண்டின் ஓரத்தில் கரி இருந்தது. “தாத்தா, இதை யாரோ ஏத்தியிருக்காங்க!” என்றாள்.

காசில்தான் கோட்டை விட்டேன். ஆண்டைப் பார்க்காமல் இரண்டு 10 காசு நாணயங்களைப் போட்டிருந்தேன். அடியில் 2013, மேலே 1989! “அப்போ மேல் மண்ணுதானே பழசு?” என்று கேட்டுவிட்டாள். இல்லை. அடி அடுக்கு 2013க்கு முன் விழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான் காசு சொல்லும். அதற்கு மேல் விழுந்தது அதற்கும் பிந்தியது. பழைய காசு எத்தனை வருஷம் கழித்தும் பையிலிருந்து நழுவலாம். அவள் நம்பவில்லை. என் பர்ஸைக் கவிழ்த்துக் காட்டினேன். ஏழு காசு, ஐந்து வெவ்வேறு ஆண்டுகள். அப்புறம்தான் சரி என்றாள்.

பிறகு ஃபோர்ட் கேனிங் குன்றுக்குக் கூட்டிப்போங்கள். 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. அகழாய்வுக் குழியை இன்றும் கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் பையன் பூங்காவில் கரண்டியை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரிக்க மறக்காதீர்கள். எங்கள் சோபா இடுக்கில் நார்த்தூள் இன்னும் இருக்கிறது.