வாசகர் கேள்வி – பதில்: ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் லிப்போ பேட்டரியும்

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. வார இறுதிகளில் நண்பர்களுடன், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாடப் போகிறான். துப்பாக்கியோடு வந்த நிக்கல் பேட்டரி போதவில்லை, லிதியம் பாலிமர் (லிப்போ) பேட்டரி வேண்டும் என்கிறான். அது தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாங்கித் தரலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வாங்கித் தரலாம், ஆனால் அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்க முடியுமானால் மட்டுமே. இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த மாதம் பணம் இருக்கிறது என்றால், சார்ஜரை முதலில் வாங்கி வைத்துவிட்டு, பேட்டரியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்குள் இருக்கும் சிறிய மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, அவை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குகின்றன. விடுபட்ட பிஸ்டன் முன்னே பாயும்போது தள்ளப்படும் காற்றுதான் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டை வெளியேற்றுகிறது. விசையை அழுத்திய கணத்தில் அந்த மோட்டார் பல ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரேயடியாகக் கேட்கும். அதைத் தளராமல் கொடுக்க லிப்போவால் முடியும் என்பதால்தான் உங்கள் மகன் அதைக் கேட்கிறார்.

ஆபத்து எங்கே என்றால், பெரும்பாலும் மைதானத்தில் அல்ல, வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நிரம்பியதும் அதன் வோல்ட் சற்றே இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டுதான் அதற்கான தானியங்கி சார்ஜர் மின்சாரத்தை நிறுத்துகிறது. லிப்போவில் அப்படியோர் இறக்கமே கிடையாது. ஆகவே பழைய சார்ஜரில் லிப்போவை மாட்டினால், வராத அடையாளத்துக்காகக் காத்துக்கொண்டு சார்ஜர் மின்சாரத்தைத் திணித்துக்கொண்டே இருக்கும். செல் சூடேறி, ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில், உள்ளே இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் படலம் உருகிவிடும். அதற்கு மேல் சூடு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். எரியக்கூடிய கரைப்பான் செல்லுக்குள்ளேயே இருக்கிறது, நேர்மின்முனைப் பொருளும் ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்குகிறது. எனவே, போர்வையைப் போட்டு மூடி அணைத்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது.

லிப்போவுக்கான சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் 4.2 வோல்ட்டில் நிறுத்தும். அது செல்களைச் சமப்படுத்தும் ‘பேலன்ஸ்’ வகையாக இருப்பது அவசியம். 7.4 வோல்ட் என்று விற்கப்படும் இரண்டு செல் பேட்டரி நிரம்பினால் மொத்தம் 8.4 வோல்ட் காட்டும். ஆனால் ஒரு செல் 4.35, மற்றது 4.05 என்று இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 8.4 தான். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பேட்டரியிலிருந்து தனியாக வரும் மெல்லிய வெள்ளைப் பிளக், செல்களைத் தனித்தனியே அளப்பதற்காக இருக்கிறது; அதைச் செருகாமல் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 1300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியென்றால் 1.3 ஆம்பியருக்கு மேல் வைக்காமல், துப்பாக்கியிலிருந்து கழற்றி, டைல்ஸ் தரை போன்ற எரியாத இடத்தில், யாராவது விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். மெத்தையின் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது.

கேள்வி: 7.4 வோல்ட், 11.1 வோல்ட் என்று இரண்டு வகை விற்கிறார்கள். பெரியதை வாங்கினால் குண்டு வேகமாகப் போகுமா? பிரிட்டன் சட்ட வரம்பைத் தாண்டிவிடுமோ என்றும் அச்சமாக இருக்கிறது.
– வாசகர், லெஸ்டர்

பதில்: குண்டின் வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் காற்றறையும் குழலுமே, பேட்டரி அல்ல. ஆகவே, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடர் சுடுகைத் துப்பாக்கிக்கு வைக்கப்பட்ட 1.3 ஜூல் வரம்பைப் பேட்டரியை மாற்றுவதால் மட்டும் நீங்கள் தாண்டிவிட மாட்டீர்கள். வோல்ட் கூடினால் கூடுவது, ஒரு நொடியில் எத்தனை குண்டுகள் என்ற கணக்குத்தான்.

அதற்கும் ஒரு விலை உண்டு. பிரித்துப் பார்த்திராத, கடையிலிருந்து வந்தபடியே உள்ள துப்பாக்கியில் 11.1 வோல்ட்டை மாட்டினால், பிஸ்டன் முழுதாக முன்னே போய்ச் சேர்வதற்குள் பற்சக்கரம் மறுபடி அதைப் பிடித்து, பற்களை வழித்தெடுத்துவிடக்கூடும். விசையின் செப்புத் தொடுமுனைகளும் தீப்பொறியில் கருகும். அந்த மின்னோட்டத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் ‘மாஸ்ஃபெட்’ என்ற மின்னணு விசைப் பலகையைப் பொருத்தியிருந்தால் மட்டுமே அவை தப்பும். முதல் லிப்போ 7.4 வோல்ட்டாக இருப்பதே நல்லது. அதன்மேல் ‘20சி’ (கொள்ளளவைப்போல் 20 மடங்கு) என்று எழுதியிருந்தால், 1300 மில்லி ஆம்பியர்-மணிக்கு 26 ஆம்பியர்வரை தரும் என்று பொருள். சிலர் இந்த எண்ணைத் தாராளமாக அச்சிடுகிறார்கள் என்பது என் ஐயம். தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள்.

வாங்குமுன், பேட்டரி வைக்கும் துப்பாக்கிக் கட்டையின் உள்ளளவை அளந்து பாருங்கள். கட்டைவிரலால் அமுக்கித் திணித்த பேட்டரியின் மென்மையான உறையை ஒரு திருகாணி முனை கிழித்தாலே போதும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விளையாடிவிட்டுப் பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அளந்தால் ஒரு செல்லில் 2.1 வோல்ட்தான் இருக்கிறது. சார்ஜர் ஏற்க மறுக்கிறது. நிக்கல் முறையில் வைத்துச் சிறிது ஏற்றிவிட்டு, பிறகு லிப்போ முறைக்கு மாற்றலாம் என்கிறார் நண்பர்.
– வாசகர், குரொய்டன்

பதில்: சார்ஜர் மறுப்பது பழுதால் அல்ல, உங்களைக் காப்பதற்காக. அந்த நண்பரின் யோசனையை நானும் ஒரு காலத்தில் செய்து பார்த்தவன்தான். பேட்டரி உயிர்பெற்றது, இரண்டு ஆட்டங்களுக்கு ஓடியது, மூன்றாவது முறை சார்ஜில் இருந்தபோது கையால் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அன்று நான் பக்கத்திலேயே இருந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை; மழை பெய்ததால் வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.

லிப்போ செல்லின் எதிர்மின்முனைப் பொருள் ஒரு செப்புத் தகட்டின்மேல் பூசப்பட்டிருக்கும். செல் அளவுக்கு மீறிக் காலியானால் அந்தச் செம்பு கரைந்து திரவத்தில் கலக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது கண்ட இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆவதற்கு வழி செய்யும். வெளியிலிருந்து பார்த்து இதை அறிய முடியாது. எனவே அந்தப் பேட்டரியை விட்டுவிடுங்கள்.

இனி வாங்கும் பேட்டரிக்கு ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து காரில் ஏறுமுன் பேட்டரி துப்பாக்கியிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். ஏனெனில் மின்னணு விசைப் பலகைகள் சும்மா இருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். ஓய்வில் அளக்கும்போது செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் வந்தவுடன் மாற்றிவிடுங்கள். சுடும் நேரத்திலும் 3.0க்குக் கீழே போக விடாதீர்கள். லிப்போ கடைசிவரை வேகம் குறையாமல் ஓடிவிட்டுச் சட்டென்று சரிவது என்பதால், துப்பாக்கி தளரும் சத்தத்துக்காகக் காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். வெள்ளைப் பிளக்கில் செருகும் சிறிய வோல்ட்மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அதையும் செருகியபடி மறந்துவிட்டால் அதுவே பேட்டரியைக் காலி செய்துவிடும்! அடுத்த ஆட்டம் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளியென்றால், நிறையவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், செல்லுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் எடுத்து வையுங்கள். நல்ல சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்று இதற்கெனவே ஒரு முறை உண்டு.

கேள்வி: ஒரு பேட்டரி தலையணைபோல் உப்பிவிட்டது. உப்புத் தண்ணீரில் போட்டால் பாதுகாப்பாகிவிடும் என்கிறார்களே, சரிதானா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: உப்பு நீரில் போட்டால் முதலில் அரிக்கப்படுவது வெளியே நீட்டியிருக்கும் உலோக முனைகள். அவை அரித்து அறுந்துவிட்டால், மீட்டர் பூஜ்யம் காட்டும்; உள்ளே மின்சாரம் அப்படியே இருக்கும். ஆபத்து தெரியாத பேட்டரி, ஆபத்து தெரிந்த பேட்டரியைவிட மோசமானது.

உப்பியிருப்பது உள்ளே உள்ள திரவம் சிதைந்து உண்டான வாயு. ஊசியால் குத்தி வெளியேற்ற முயலாதீர்கள், சார்ஜும் செய்யாதீர்கள். முனைகளை ஒட்டுப் பட்டையால் தனித்தனியே மூடி, வீட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய மண்தொட்டியில் வைத்து, நகராட்சி மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோய், உப்பிய லிதியம் பேட்டரி என்று ஊழியரிடம் சொல்லிக் கொடுங்கள். ஆண்டுக்கு 32 கிலோ அல்லது அதற்கு மேல் சிறு பேட்டரிகள் விற்கும் பிரிட்டன் கடைகள் பழையவற்றை இலவசமாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் பெட்டி நல்ல நிலையில் உள்ளவற்றுக்கே பொருத்தம். வீட்டுக் குப்பையில் போடவே வேண்டாம், குப்பை லாரி அதை நசுக்கும்.

நல்ல பேட்டரிகளைத் தோட்டா டப்பாவில் வைப்பவர்கள் மூடியின் ரப்பர் வளையத்தை அகற்றிவிடுங்கள். காற்றுப் புகாமல் அடைத்த இரும்புப் பெட்டிக்குள் வாயு சேர்ந்தால், அது வேறு வகை ஆபத்து.

கேள்வி: விடுமுறையில் ஐரோப்பாவில் ஓர் ஆட்டத்துக்கு விமானத்தில் போகிறேன். பேட்டரியை எங்கே வைப்பது?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: கைப்பையில். தனியாக எடுத்துச் செல்லும் லிதியம் பேட்டரியை, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கல் இராது, 7.4 வோல்ட்டை 1.3 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 9.6 வாட்-மணிதான் வருகிறது. துப்பாக்கிக்கு விமான நிறுவனத்திடமும், நீங்கள் இறங்கும் நாட்டுச் சட்டத்திலும் தனியே விசாரியுங்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனி உறையில் இட்டு, முனைகளை மூடி வையுங்கள். பெட்டியைப் பூட்டுமுன் துப்பாக்கிக் கட்டையைத் திறந்து, உள்ளே ஒன்று மாட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.