கழுகை விட்டுவிடுங்கள்

கேள்வி: சிறிய சபை ஒன்றில் மாதம் இரண்டு ஞாயிறு செய்தி கொடுக்கிறேன். கேட்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். திங்கட்கிழமை பழையபடியே ஆகிவிடுகிறார்கள். கழுகு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுபோல் அவர்கள் வாழ்க்கையும் மாற வேண்டுமானால் பிரசங்கம் எப்படி அமைய வேண்டும்? எவ்வளவு நேரம் பேசலாம்?
– வாசகர் (பெயர் வேண்டாமாம்), முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: வாழ்க்கை மாறுவது இருக்கட்டும். முதலில் அந்தக் கழுகைப் பேசித் தீர்த்துவிடுவோம். இல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது.

கதை தெரியாதவர் யாராவது மிச்சமிருந்தால் அவருக்காக: நாற்பது வயதில் கழுகின் அலகு வளைந்துவிடுமாம், நகம் மழுங்கிவிடுமாம், இறகு கனத்துவிடுமாம். உடனே அது மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் அதனால் நகங்களைப் பிடுங்கும். புது நகம் முளைத்ததும் இறகுகளைப் பிடுங்கும். இப்படி நூற்றைம்பது நாள் தவம் கிடந்து, இன்னும் முப்பது வருஷம் ஜாம் ஜாம் என்று வாழுமாம். இதை நான் பிரசங்க மேடையில் கேட்டிருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் கேட்டிருக்கிறேன். காப்பீட்டு முகவர்கள் கூட்டத்தில், ஆள் சேர்க்கும் வியாபாரத்துக்கு என்னை இழுக்க வந்தவர் வாயில், ஒரு பணி ஓய்வு விழாவில்கூடக் கேட்டாயிற்று. ஓய்வு பெற்றவருக்கு அறுபது வயது. கழுகுக் கணக்கில் அவர் இருபது வருஷம் தாமதம். பாவம், பாறையைத் தேடுவதா பென்ஷன் தாளைத் தேடுவதா என்று தெரியாமல் விழித்தார்.

அலகு இல்லாத அந்த நாட்களில் கழுகுக்குச் சோறு ஊட்டியவர் யார் என்று கதை சொல்பவர் ஒருவரும் சொல்வதில்லை. கழுகின் அலகு நம் நகத்தைப்போல ஓயாமல் வளர்ந்து தேய்ந்துகொண்டே இருப்பது. இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும். மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டால் பறக்க முடியாது, இரை பிடிக்க முடியாது, செத்துப்போகும். காட்டில் கழுகு நாற்பது வயதைத் தொடுவதே அபூர்வம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே கழுகின் பங்காளிகளான செம்பருந்துகள் வட்டமிடுகின்றன. படகு வந்ததும் மீன்குடலுக்கு இறங்குகின்றன. அவற்றில் ஒன்றாவது சுயமுன்னேற்றத்தில் ஈடுபட்டு நான் பார்த்ததில்லை. தவிரவும், புதுச்சேரிப் பறவைக்கு மலை வேண்டுமென்றால் செஞ்சிக்குத்தான் போக வேண்டும். அங்கே கோட்டை ஏற டிக்கெட் வாங்க வேண்டும்.

வேதத்தில் இருக்கிறதே என்பீர்கள். சங்கீதம் 103, ஐந்தாம் வசனம். போய்ப் பாருங்கள். கழுகைப்போல் இளமை திரும்புகிறது என்று ஒரே வரி. அலகும் இல்லை, பாறையும் இல்லை, நூற்றைம்பது நாளும் இல்லை. பாடியவர் கழுகை நோகாமல் விட்டுவிட்டார். அதன் வாயை உடைத்தது பின்னால் வந்த பேச்சாளர்கள்.

இதையே முன்பொரு முறை இந்தப் பக்கத்தில் எழுதினேன். ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் கொதித்துப்போய் நான்கு பக்கக் கடிதம் அனுப்பிவிட்டுச் சந்தாவையும் நிறுத்திக்கொண்டார். “கதை உண்மையா பொய்யா என்று பார்க்காதே, கருத்தைப் பார்” என்பது நான்கு பக்கங்களின் சாரம். சந்தா போனதில் வருத்தமில்லை. ஆனால் அந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. சகோதரரே, உங்கள் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

கட்டுக்கதை சொல்லித்தான் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவை மடக்கினார். இரண்டாம் சாமுவேல், 12-ஆம் அதிகாரம். பணக்காரன் ஒருவன் தன் மந்தையை விட்டுவிட்டு, ஏழை மடியில் வைத்து வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியை அடித்து விருந்து வைத்தான் என்று நாத்தான் சொல்கிறார். அப்படி ஓர் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. ராஜா கோபத்தில் துள்ளி, அவனைக் கொல்ல வேண்டும் என்கிறார். நாத்தான் விரலை நீட்டுகிறார்: “நீயே அந்த மனுஷன்.” எதிரே இருந்தவர், அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போர்முனையில் சாகவிட்ட ராஜா. தீர்க்கதரிசியின் கழுத்து அந்த ஒரு நொடி ராஜாவின் கையில் இருந்தது. ஆட்டுக்குட்டிக்கும் கழுகுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் கழுகின் முடிவில் யாரும் யாரையும் பார்த்து விரல் நீட்டுவதில்லை. முன்வரிசையில் கழுகுகள் உட்காருவதில்லையே. யாருக்கு மனம் புண்படப்போகிறது? அலகை உடைத்துக்கொண்ட பறவைக்காக உருகி அழுதுவிட்டு, பிரியாணிக்கு நேரமாகிறது என்று எழுந்து போகலாம். உங்கள் சபையார் திங்கட்கிழமை பழையபடி ஆகிவிடுகிறார்கள் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எதை மாற்ற வேண்டும் என்று சொன்னீர்கள்?

யோவான் ஸ்நானன் சொன்னார். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் ஜனங்கள், ஆயக்காரர், போர்ச்சேவகர் என்று மூன்று கூட்டம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறது: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிப்பவனா, விதித்ததற்குமேல் ஒரு காசு வாங்காதே. சேவகனா, மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு. ஆளுக்கு ஒரு வரி. வனாந்தரத்தில் வெட்டுக்கிளி தின்றுகொண்டிருந்த மனிதருக்கு அந்தந்த உத்தியோகத்தின் மேல்வரும்படி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கிறது. நம் பிரசங்கிமார்களுக்கும் தெரியும். மீட்டர் வட்டிக்கு விடுகிறவர் யார், காலி செய்த குடித்தனக்காரருக்கு முன்பணத்தைத் தராமல் இழுத்தடிப்பவர் யார், மகன் கல்யாணத்தில் நூறு சவரன் கேட்டவர் யார் என்றெல்லாம் நன்றாகத் தெரியும். சபைக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதால் கழுகு பறக்கிறது.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். (எதைக் கேட்டாலும் இவர் பிள்ளையிடம் போய்விடுவார் என்று உதவி ஆசிரியர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. போவேன்.) பிள்ளை கிறிஸ்தவர்களிடம் பரிவு கொண்டவர் அல்லர், பிரெஞ்சு வணிகக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த கிறிஸ்தவர் கனகராய முதலியாருக்கும் அவருக்கும் ஆகாது. அதனாலேயே இந்தச் சங்கதியைக் கொஞ்சம் ரசித்து எழுதியிருக்கிறார். சம்பா கோவில் என்ற கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் அப்போது ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தாழ்த்தப்பட்டவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குருவுக்கு அது பிடிக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களைக் கேட்கச் சொல்லித் தூண்டினார். அவர்களும் பெரிய குருவிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, கடவுள் பேதம் வைக்கவில்லையே என்று கேட்டார்கள். பெரிய குரு யோசித்தார். நியாயம் என்று பட்டது. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள், சச்சரவு கவர்னர்வரை போனது. அதற்கு முன் அந்தக் கோவிலில் எத்தனையோ ஞாயிறுகள் பிறர்நேசம் பற்றிப் பேசியிருப்பார்கள். சுவர் அதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கும். இடிந்ததோ கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்த அன்றைக்கு.

இன்று மிஷன் வீதியில் நாம் பார்க்கும் கோவில் 1791-இல் கட்டி முடித்தது. அதில் அந்தச் சுவர் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. அங்கேயும் ஞாயிறுதோறும் யாரோ செய்தி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரசங்கம் முடிந்ததும் சபையார் உங்களைக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திப் பாருங்கள். முதல் வாரம் மௌனமாக இருப்பார்கள். இரண்டாம் வாரம் சபைக் கணக்கைக் கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருங்கள்.

நேரம் கேட்டீர்கள். போப் பிரான்சிஸ் 2024 ஜூனில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள், அவர்கள் தூங்குவதும் நியாயமே என்றார். நீங்கள் கத்தோலிக்கர் அல்லர், அந்தச் சட்டம் உங்களைக் கட்டாது. யோனா தீர்க்கதரிசி நினிவே நகரில் பேசியதாக எழுதியிருப்பது ஒரே வாக்கியம்; ராஜா முதல் குடிமக்கள்வரை ஊரே இரட்டு உடுத்தி உபவாசம் இருந்தது. ஊர் மாறியதில் யோனாவுக்குத்தான் கோபம், அது வேறு கதை. நீளமாகப் பேசினால்தான் திருப்தி என்றால் உங்களுக்கு பவுல் இருக்கிறார். துரோவா என்ற ஊரில் நடுராத்திரிவரை பிரசங்கித்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்தான். பவுல் இறங்கிப்போய் அவனை உயிரோடு எழுப்பிவிட்டு, மேலே வந்து விடியும்வரை தொடர்ந்தார். உங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் தருகிறேன். ஜன்னல்களை முன்கூட்டியே சாத்திவிடச் சொல்லுங்கள்.