‘தஙகம்’ ஏன் தங்கம் ஆகவில்லை?

வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் திணறியதால் சென்ற மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். விண்டோஸில் என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைத்துத் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துப் பழகியவன் நான். இங்கே செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் அதே பெயரைப் பார்த்துச் சேர்த்தேன். எழுத்துகள் அதே இடங்களில்தான் இருக்கின்றன. ஆனால் ‘தங்கம்’ என்று அடித்தால் ‘தஙகம்’ என்று வருகிறது. புள்ளி தானாக விழுவதில்லை. லினக்ஸில் தமிழ் இவ்வளவுதானா?

இன்னொன்று. அப்பாவுக்கு 71 வயது. பத்திர எழுத்தராக இருந்தவர், டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். இதே கணினியில் அவரும் எழுத ஆசைப்படுகிறார். தமிழ்99 பழகிக்கொள்ளுங்கள் என்றால் கோபம் வருகிறது. என்ன செய்யலாம்?

ஆர்., திண்டுக்கல்

*

அன்புள்ள ஆர்.,

லினக்ஸில் தமிழ் அவ்வளவுதான் இல்லை. நீங்களும் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. கிட்டத்தட்ட ஒரே பெயரில் அங்கே இரண்டு இருக்கின்றன. உங்கள் கையில் அகப்பட்டது நீங்கள் தேடியது அல்ல.

பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று வருவது வெறும் விசை அட்டவணை. எக்ஸ்கேபி என்ற பழைய ஏற்பாட்டின் பகுதி அது. இந்த விசையைத் தட்டினால் இந்த எழுத்து என்பதோடு அதன் வேலை முடிந்தது. இதற்கு முன் எதைத் தட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99-இன் உயிரோ அந்த நினைவில்தான் இருக்கிறது. ங-வுக்குப் பின் க வந்தால், ந-வுக்குப் பின் த வந்தால், ஒரே மெய் இரண்டு முறை வந்தால், முதல் எழுத்தின் தலையில் புள்ளி வைக்க வேண்டும் என்று அது அறிந்திருக்க வேண்டும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் ‘அம்மா’ வருவது அதனால்தான். ‘மமதை’ என்று எழுத வேண்டுமானால் முதல் ம-வுக்குப் பின் ஒரு அ தட்டிப் புள்ளியை விலக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் பேசி, அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு என்று பிரித்ததில் தமிழ்ச் சொற்களின் நடையே தெரிகிறது. வேகமாக அடிக்கும்போது இரண்டு கைகளும் மாறி மாறி இறங்கும். எனக்கு இன்றும் அது அலுக்கவில்லை.

இந்த நினைவை வைத்திருக்கும் வேலைக்கு ‘உள்ளீட்டு முறை’ என்று பெயர். உபுண்டுவில் அதைப் பார்த்துக்கொள்வது ஐபஸ். அதற்குத் தமிழ் முறைகளைத் தருவது எம்17என் என்ற தொகுப்பு, ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவானது. மென்பொருள் கடையில் தேடுவதைவிட கட்டளைகளை எழுதி இயக்கும் சன்னலான டெர்மினலில் நிறுவுவது சுலபம். நிறுவ வேண்டிய மென்பொருள் பொட்டலத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் ஐ, பி, யு, எஸ், ஒரு இடைக்கோடு, எம், 17, என். நிறுவிய பின் ஒரு முறை லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். இதைச் செய்யாமல் பட்டியலில் வரவில்லையே என்று தேடிக் களைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பிறகு அதே விசைப்பலகைப் பகுதியில் தமிழைத் திறந்தால் தமிழ்99 என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எம்17என் என்று இருக்கும். அதைச் சேருங்கள், பழையதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். ஒவ்வொரு சன்னலுக்கும் தனி மொழி என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலமும் எழுதும் சன்னலில் தமிழும் அப்படியே நிற்கும், பெரிய நிம்மதி.

விசை அட்டவணையை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையைக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உபுண்டு இப்போது வேலண்ட் என்ற புதிய திரை ஏற்பாட்டில் ஓடுகிறது, அங்கே அதற்கு வேலை இல்லை. பழைய முறையில் ஓடினாலும் அது மாற்றுவது அந்த நினைவற்ற அட்டவணையைத்தான்.

இனி அப்பா. அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்பது என் வேண்டுகோள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த நாளிலிருந்து எத்தனையோ பேர் இப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள். இடக்கை விரல்களை ய, ள, ன, க மேல் வைத்து மாதக்கணக்கில் அடித்துத் தேர்வு எழுதியவரின் விரல் அது. பத்திரம் ஒன்றில் சர்வே எண் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்து அடித்த விரல். அதை 71 வயதில் அழித்து எழுதச் சொல்வது நியாயமில்லை, தேவையும் இல்லை.

எம்17என் தொகுப்பில் டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. அங்கும் வெறும் அட்டவணை போதாது. பொறியில் எழுத்துகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விழும், ஆகவே ‘கெ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க. அப்பாவின் விரல் அந்த வரிசையில்தான் போகும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையிலோ க முதலில், கொம்பு பின்னால். விரல் தட்டிய கொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, எழுத்து வந்ததும் இடம் மாற்றி வைக்க உள்ளீட்டு முறையால்தான் முடியும். இலங்கை வாசகர்களுக்கு ஒரு சொல்: அங்கே பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் இதே தொகுப்பில் உண்டு.

ஒரே கணினி என்பதால் அப்பாவுக்குத் தனிப் பயனர் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். இந்தத் தேர்வுகள் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக நிற்பவை. அவர் உள்ளே வந்தால் டைப்ரைட்டர், நீங்கள் வந்தால் தமிழ்99. இரண்டு கணக்கிலும் ஆங்கிலம் முதலில் இருக்கட்டும். தமிழ் அட்டவணை மட்டும் முன்னால் நின்றபோது என் திரை ஒரு முறை பூட்டிக்கொண்டது. கடவுச்சொல்லை நான்கு முறை அடித்தும் ஏற்கவில்லை. மறந்துவிட்டோமோ என்று உள்ளங்கை வியர்த்தது. கடவுச்சொல்லை மறைக்கும் புள்ளிகளுக்குப் பின்னால் தமிழ் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். திரையின் மேல் மூலையில் மொழிக்குறி இருக்கும். கடவுச்சொல் அடிக்குமுன் அதைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

புள்ளி விழுந்ததும் ஒரு வரி எழுதுங்கள். அப்பா அடித்த முதல் பக்கத்தையும், அவருக்குச் சம்மதமென்றால், அனுப்பி வையுங்கள்.