பழைய காருக்கு வீட்டிலேயே கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்கு வெளிக் குளிர்காற்றைக் கொண்டுவரும் குழாய்) செய்து மாட்டினால் பவர் கூடுமா?

கொஞ்சம் கூடும். ஆனால் ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி) கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டுக்குள் மொட்டையாக ஒரு கோன் ஃபில்டரைச் செருகினால் குறையத்தான் செய்யும். அது ரேடியேட்டரும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சுட்டுத் தரும் காற்றைக் குடிக்கிற ஹாட் ஏர் இன்டேக். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.18 கிலோ, 60 டிகிரியில் 1.06 கிலோதான். இழுப்பில் பத்து சதவீதம் அங்கேயே போய்விட்டது. 'சத்தம் நன்றாக இருக்கிறதே' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சத்தம் கூடும், அது உண்மை.

உங்களுடையது 1.6 லிட்டர் அளவில், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார் என்று வைத்துக்கொள்கிறேன். டர்போக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கணக்கு வேறு.

எதையும் வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் எடுத்து, 'ப' எழுத்து மாதிரி வளைத்துப் பலகையில் கட்டி, பாதிவரை சாயத்தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) நடுவே உள்ள ரப்பர் குழாயில் ஒரு சின்ன நிப்பிள் (குழாய் செருகும் முனை) வைத்து இணையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். ஒருவர் மூன்றாவது கியரில் முழு த்ராட்டில் கொடுக்க, இன்னொருவர் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். 10 செ.மீ. என்றால் காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம். 15 செ.மீ. காட்டினால், வழியில் இருக்கும் தடையை எல்லாம் ஒழித்துக்கட்டினாலும் ஒன்றரை சதவீதம்தான் மிச்சம். ஃபில்டரை மாற்றினால் குதிரை பறக்கும் என்ற பேச்சு இந்த டியூபின் முன்னால் நிற்காது.

அதோடு, கம்பெனி குழாயின் வாயில் ஒரு தெர்மாமீட்டர் முனையையும் கட்டிப் பாருங்கள். பல கார்களில் அந்தக் குழாய் ஏற்கெனவே ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்துதான் இழுக்கிறது. அப்படியென்றால் உங்கள் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. பழைய காரில் பெரும்பாலும் அந்த மூக்கு உடைந்தோ, யாரோ கழற்றி மறந்தோ போயிருக்கும். லாபம் கிடைப்பது அங்கேதான்.

அதனால் என் சிபாரிசு: ஏர் பாக்ஸும் பேப்பர் ஃபில்டரும் இருக்கட்டும், அதன் வாய்க்கு மட்டும் வெளிக்காற்றைக் கொண்டுவாருங்கள். 63 மி.மீ. குழாயே போதும். 1.6 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் நொடிக்குச் சுமார் 68 லிட்டர் இழுக்கும்; அந்தக் குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 22 மீட்டர்தான். ஒன்றரை மி.மீ. அலுமினியக் குழாயோ, கம்பெனிக் குழாய்களைப் போல பாலிப்ரோப்பிலீனோ நல்லது. தண்ணீர் பைப்புக்கு வரும் பி.வி.சி. 80 டிகிரி வாக்கில் இளகும், மேனிஃபோல்டு பக்கம் வைக்காதீர்கள். பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டை நிறுத்தி, மேல் விளிம்பில் ரப்பர் பீடிங் கொடுத்து, பானெட்டை மூடினால் அதன் அடியில் உட்காரும்படி செய்யுங்கள்.

ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள குழாயையும் மாற்றித்தான் ஆவேன் என்றால் இங்கே கவனம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) உள்ள கார் என்றால், சென்சார் உட்காரும் இடத்தின் விட்டத்தை மாற்றவே கூடாது. 63-ஐ 76 ஆக்கினால் பரப்பு 45 சதவீதம் கூடுகிறது. சென்சார் முன்னால் காற்று மெதுவாகப் போகும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. காற்று குறைவு என்று நம்பி பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் எக்ஸாஸ்டில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டிவிடுவதால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். முழு த்ராட்டிலில் அந்தத் திருத்தம் நடக்காது, கலவை வெளுத்து (காற்றுக்குப் பெட்ரோல் குறைந்து) இன்ஜின் நாக் அடிக்கும், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும். சென்சாரை வளைவை ஒட்டியும் வைக்காதீர்கள். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரும் வேண்டாம். எண்ணெய் கூடிப்போனால் அது சென்சாருக்குள் இருக்கும் சூடான கம்பியில் படிந்து அளவு பிசகும்.

அடுத்தது ப்ரீதர் ஹோஸ். இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை வால்வ் கவரிலிருந்து கொண்டுவரும் அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு, நுனியில் ஒரு குட்டி ஃபில்டரைத் தொங்கவிடும் பழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தார்களோ! இன்ஜின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, காருக்குள் நாற்றம், அதற்குப் பெயர் டியூனிங். புதுக் குழாயில், சென்சாருக்குப் பின், த்ராட்டிலுக்கு முன், அதே விட்டத்தில் ஒரு நிப்பிள் வைத்து இணையுங்கள். ஐடில் வால்வுக்கு (கார் நிற்கும்போது இன்ஜின் ஓடக் காற்று விடுவது) போகும் குழாய் இருந்தால் அதற்கும் அப்படியே. துளை போடுவதைக் குழாயைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். பிசிறை அரம் போட்டு எடுத்து, கழுவித் துடைத்த பிறகே மாட்டுங்கள். ஒரு அலுமினியச் சுருள் உள்ளே போனால் சிலிண்டர் சுவர் கீறிவிடும்.

இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிலிக்கான் ஹோஸ் கட்டாயம் வேண்டும். குழாய் அதற்குள் 25 மி.மீ.யாவது போக வேண்டும். முனையில் விளிம்பு எழுப்பாத வழவழப்பான குழாய் என்றால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் நழுவும்.

கார்புரேட்டர் கார் என்றால் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து சூடான காற்று இழுக்கும் குழாயைக் கழற்றாதீர்கள். ஈரமும் குளிருமான காலையில் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்காமல் இருப்பது அதனால்தான். காற்று குளிர்ந்தால் கலவை கொஞ்சம் வெளுக்கும், ஜெட்டையும் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) பார்க்க வேண்டிவரும்.

குழாயின் வாய் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பம்பருக்கு அடியில் காற்று இன்னும் குளிர்ச்சிதான், தேங்கிய தண்ணீரும் அங்கேதான். ஒரு மடக்கு தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பாக்ஸின் அடியில் 5 மி.மீ. வடிகால் துளை இருக்கட்டும்.

மாட்டி முடித்ததும் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) பாருங்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்று குறித்து வைத்திருப்பது அவசியம். 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தாலோ, பி0171 (கலவை வெளுப்பு என்று சொல்லும் கோளாறு எண்) வந்தாலோ, பெரும்பாலும் சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. முதலில் கிளாம்பையும் ப்ரீதர் நிப்பிளையும் தடவிப் பாருங்கள்.