ஆய்வு மாணவர் கேள்வி-பதில்: உதவியை எப்போது, எப்படிக் கேட்பது?

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஐந்துக்கு இங்கே விடையளிக்கிறேன். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும், ‘இதற்கெல்லாம் போய் உதவி கேட்கலாமா?’ என்ற தயக்கம் இருந்தது. தாராளமாகக் கேட்கலாம். நிலைமை முற்றிய பிறகு கேட்பதைவிட, சிக்கல் சிறியதாக இருக்கும்போதே கேட்பது நல்லது.

கேள்வி: மூன்றாம் ஆண்டு ஆய்வில் இருக்கிறேன். சில மாதங்களாக உறக்கமில்லை; ஆய்வகத்துக்குள் நுழையவே அச்சமாக இருக்கிறது. உளவள ஆலோசகரைப் பார்த்தால் நெறியாளருக்குத் தெரிந்துவிடுமோ?

பதில்: இரகசியம் காப்பது ஆலோசகரின் தொழில் நெறி. நெறியாளரோ துறைத் தலைவரோ விசாரித்தாலும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்களைப் பற்றிய விவரத்தை அவர் பகிரக்கூடாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருப்பது, நீதிமன்றம் ஆணையிடுவது போன்ற சில சூழல்கள் மட்டுமே இதற்கு விலக்கு. விலக்குகளின் எல்லை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே, ‘எதைக் குறித்து வைப்பீர்கள், அதை யார் பார்க்க முடியும்?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியை எந்த நல்ல ஆலோசகரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த நிலை உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018-இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியான ஓர் ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்கள் பங்கேற்றனர். அவர்களுள் 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொது மக்கள்தொகையில் அது 6 விழுக்காடு. சமூக ஊடகங்கள் வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் அழைக்கப்பட்டு, விரும்பியவர்கள் மட்டும் விடையளித்த கணக்கெடுப்பு என்பதால், எல்லா மாணவர்களுக்கும் இதே விழுக்காடு பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஆயினும், உங்களைப் போன்றவர்கள் அரிதானவர்கள் அல்லர் என்பதற்கு அது போதிய சான்று.

பல வளாகங்களில் ஒருவருக்கு ஓராண்டில் இத்தனை அமர்வுகள்தாம் என்ற வரம்பு உண்டு. ஆகவே, அமர்வுகள் முடிந்த பிறகு வெளியில் யாரிடம் அனுப்புவார்கள் என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது எழுந்தால், சந்திப்பு நேரத்துக்குக் காத்திராமல் அவசர உதவி எண்ணை உடனே அழையுங்கள். அருகிலுள்ள ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக எழுத்து மையத்துக்கு இரண்டு முறை சென்றேன். பிழை திருத்தித் தரமாட்டோம் என்கிறார்கள். பிறகு எதற்கு அந்த மையம்?

பதில்: உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் பெரும்பாலான எழுத்து மையங்கள் பிரதியைத் திருத்தித் தருவதை விட, எழுதுபவரின் கைத்திறனை வளர்ப்பதையே பணியாகக் கொண்டவை. முழு இயலையும் கொண்டுபோய், ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் கிடைக்கும். எட்டுப் பக்கங்களை மட்டும் எடுத்துச் சென்று, ‘என் வாதம் நான்காம் பக்கத்தில் அறுந்துவிடுவதாக நெறியாளர் சொல்கிறார், உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். அரை மணி நேரச் சந்திப்பு முழுவதும் பயன்படும்.

கேள்வி: வாரந்தோறும் பயிலரங்கு, கருத்தரங்கு, ஒன்றுகூடல் என்று அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சென்றால் ஆய்வு நின்றுவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்களைப் பேச வைக்கும் நிகழ்ச்சிகளுக்கு முதலிடம் கொடுங்கள். அமர்ந்து கேட்பவற்றுள் பலவற்றைப் பிறகு பதிவாகவும் பார்த்துக்கொள்ளலாம்.

என் தேர்வு, மாணவர் தம் ஆய்வை மூன்று நிமிடத்தில் எடுத்துச் சொல்லும் ‘மூன்று நிமிட ஆய்வேடு’ போட்டி. இது 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அப்போது அம்மாநிலத்தில் கடும் வறட்சி நிலவியதால், குளிக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக மக்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணல்கடிகாரங்களைப் பொருத்தியிருந்தனர். அதைக் கண்ட பட்டமேற்படிப்புப் பள்ளித் தலைவர் ஆலன் லாசனுக்கு இந்த எண்ணம் பிறந்தது. விதிகள் கடுமையானவை: அசைவூட்டம் இல்லாத ஒரே ஒரு படவில்லை (ஸ்லைடு), வேறு துணைக்கருவி எதுவும் கிடையாது, மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதியிழப்பு. 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டைப் பேசி முன்வைக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்பது அமைப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அதை மூன்று நிமிடத்துக்குச் சுருக்க முயலும்போது, எது உங்கள் ஆய்வின் உயிர், எது வெறும் விரிவுரை என்பது தெரிந்துவிடுகிறது. பரிசு கிடைக்காவிட்டாலும், அந்தத் தெளிவு முன்னுரை எழுதும்போதும் வாய்மொழித் தேர்விலும் கைகொடுக்கும்.

ஒன்றுகூடல்களையும் அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு போதும். வேறு துறையைச் சேர்ந்த ஒருவரின் நட்பு, துறைக்குள் பேச முடியாதவற்றைப் பேச உதவும்.

கேள்வி: நெறியாளர் என் கட்டுரையில், பங்களிக்காத ஒருவரின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார். யாரிடம் முறையிடுவது?

பதில்: முறையீட்டுக்கு முன் ஒரு படி இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் குறைதீர்ப்பாளர் என்ற பொறுப்பு உண்டு. 1809-இல் ஸ்வீடனின் அரசமைப்பு நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் பதவியை உருவாக்கியது. அந்த மரபின் வழி வந்ததுதான் இதுவும். அவர் எந்தத் தரப்பையும் சாராமல், சொல்வதை வெளியிடாமல், உங்கள் முன் உள்ள வழிகளை எடுத்துரைப்பார். பொதுவாக, அவரிடம் பேசுவது முறைப்படியான புகாராகக் கருதப்படாது. புகார் அளிப்பதா என்ற முடிவு உங்களிடமே இருக்கும்.

அவரிடம் செல்லுமுன் இரண்டு ஆவணங்களைத் தயார் செய்யுங்கள். ஒன்று, யார் எதைச் செய்தார் என்ற தேதிவாரியான பட்டியல். மற்றொன்று, நீங்கள் கட்டுரை அனுப்பவுள்ள இதழின் கட்டுரையாசிரியர் தகுதி விதி. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை விதித்து, நான்கையும் நிறைவு செய்பவரே கட்டுரையாசிரியர் என்கிறது. நிதி பெற்றுத் தந்ததோ பொதுவாக மேற்பார்வை செய்ததோ மட்டும் போதாது. ‘இதழின் விதி இப்படிச் சொல்கிறது, நன்றியுரையில் அவர் பெயரைக் குறிப்பிடலாமா?’ என்று நெறியாளரிடம் பணிவுடன் கேட்கும்போது, பேச்சு ஆளைப் பற்றியதாக இல்லாமல் விதியைப் பற்றியதாக மாறும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்பும், பேசியதைச் சுருக்கி நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: குழந்தை பிறக்கவிருக்கிறது. ஆறு மாத இடைவிடுப்பு எடுக்க எண்ணுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வாழ்த்துகள். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இவை: உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுமா அல்லது காலாவதியாகுமா, ஆய்வை முடிக்கும் கெடு ஆறு மாதம் தள்ளிப்போகுமா, மருத்துவக் காப்பீடும் விடுதி உரிமையும் தொடருமா, நூலகக் கணக்கு இயங்குமா. வெளிநாட்டு மாணவராக இருந்தால், பதிவு நிலை மாறுவதால் விசாவுக்கு ஏற்படும் விளைவைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் தனியாகக் கேளுங்கள். விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்; நீங்கள் திரும்பி வரும்போது, இன்று பதில் சொல்லும் அலுவலரின் இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருக்கக்கூடும்.