முதல்முறையாக 1500 மீட்டர் போட்டியில் ஓடப் போகிறேன். 5 நிமிடம் இலக்கு வைக்கலாமா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கீழே ஒருவர் "பெரிதாகக் கனவு காணுங்கள், மனம் வைத்தால் 4:45 கூட முடியும்" என்று எழுதியிருக்கிறார், அதற்கு அத்தனை பேர் ஆதரவு வாக்கு வேறு போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் பொறுக்கவில்லை.

நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வயது 31, 5 கி.மீ. ஓட 25 நிமிடம், மூன்று மாதத்தில் போட்டி, மாதத்துக்கு 40 விநாடி குறைத்தால் 5 நிமிடத்தைத் தொட்டுவிடலாம் என்று ஒரு திட்டம். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டீ-ஷர்ட்டும் மெடலும் கொடுக்கிற 10 கி.மீ. ஓட்டங்களுக்குப் போயிருப்பீர்கள். பத்தையே பார்த்தவனுக்கு ஒன்றரை எம்மாத்திரம் என்று தோன்றியிருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும்.

1500 மீட்டர் என்பது 400 மீட்டர் ட்ராக்கில் மூன்றே முக்கால் ரவுண்டு. 5 நிமிடம் என்றால் ரவுண்டுக்கு 80 விநாடி. நாளைக்கே போய் ஒரே ஒரு ரவுண்டு 80-ல் ஓடிப் பாருங்கள். ஓடிவிடுவீர்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது, இன்னும் இரண்டே முக்கால் பாக்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கி.மீ.யை 5:30-க்குள் முடித்தால் முழு மதிப்பெண். அது ரவுண்டுக்கு எண்பத்திரண்டரை விநாடி. அதற்காகவே விடியற்காலையில் எழுந்து ஓடுகிற இருபது வயதுப் பையன்களுக்கு வைத்த அளவைவிட வேகமாக உங்கள் முதல் போட்டியை ஓட ஆசைப்படுகிறீர்கள்.

25 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடுகிறவருக்கு 1500 மீட்டர் ஏறக்குறைய 6:50 முதல் 7 நிமிடம் வரும். 1500-ஐ 5 நிமிடத்தில் முடிப்பவர் 5 கி.மீ.யைப் பதினெட்டரை நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓடக்கூடியவர். இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 7 நிமிடம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், நம்ம ஊர் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டருக்குக் கொடுக்கிற நேரமே அதுதான். அதில் தேறாமல் திரும்புகிறவர்களும் உண்டு.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் கோச்சிங் படித்தவள் இல்லை. கூட்டுறவு வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள், வயது 38. 35-க்கு மேற்பட்டவர்களுக்கான மாஸ்டர்ஸ் மீட்களில் ஓடுகிறேன். முதல் 1500-க்குப் பெயர் கொடுத்தபோது என் 5 கி.மீ. நேரமும் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது. நான் வைத்த இலக்கு 6:45. ரவுண்டுக்கு 108 விநாடி.

அந்த 108 சும்மா வந்த எண் இல்லை. 400 மீட்டர் ஓடி இரண்டு நிமிடம் நடப்பேன், திரும்ப 400. இப்படி ஐந்து. 104-ல் ஆரம்பித்தால் நான்காவதில் 111 ஆகிவிடும். 108 என்று வைத்தபோதுதான் ஐந்தாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் வந்தன. அதை எடுத்துக்கொண்டேன். மைதானத்துக்கு வருகிற ஒரு பழைய மாநில அளவு வீரர், என் அப்பா வயது இருக்கும், கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆறே முக்காலா? அது ஓட்டம் இல்லைம்மா, வாக்கிங்." கூட இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். இன்றுவரை மறக்கவில்லை. (அவர் இதைப் படிப்பார் என்றால், வணக்கம் சார்.)

போட்டி காலை ஏழு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் கொடியேற்ற முடியாது, கொடியேற்றாமல் துப்பாக்கி வெடிக்காது. வார்ம்-அப் செய்து வியர்த்து, அது காய்ந்து, திரும்ப வார்ம்-அப். ஒன்பதரைக்கு வந்தார். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆரோக்கியம் பற்றி அரை மணி நேரப் பேச்சு. எழுபது வயதுத் தாத்தாக்கள் எல்லாம் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள், பந்தலுக்குக் கீழே ஏர்கூலர் மேடைக்கு மட்டும். இந்த நாட்டில் விளையாட்டு வளராததற்கு நூறு காரணம் சொல்வார்கள், பொன்னாடையை யாரும் சொல்வதில்லை. சரி, விடுங்கள், அது வேறு கதை.

எங்கள் ஓட்டம் தொடங்கியபோது மணி பதினொன்று. வெயில் ஏறினால் ரவுண்டுக்கு இரண்டு மூன்று விநாடி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்ததால் நான் பதறவில்லை. இடது உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் நான்கு எண் எழுதியிருந்தேன்: 1:21, 3:09, 4:57, 6:45. 1500 மீட்டருக்குத் தொடக்கக் கோடு எதிர்ப்பக்கம் இருக்கும். முதலில் 300 மீட்டர் ஓடி முடிவுக் கோட்டைத் தாண்டுவீர்கள், அப்புறம் மூன்று முழு ரவுண்டு. அதனால்தான் முதல் எண் மட்டும் சின்னது.

துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் பறந்தார்கள். 300-ல் நான்தான் கடைசி, 82 விநாடி. கம்பிவேலிப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரர் "போ, போ" என்று கத்துகிறார். போகவில்லை. அடுத்த ரவுண்டு 109. அதற்கடுத்தது 112. இந்தப் போட்டியில் எல்லாரையும் பிழிவது அந்த ரவுண்டுதான், 700-லிருந்து 1100 வரை. கால் சொன்னபடி கேட்கும், மனசுதான் எதற்கு இந்த வேலை என்று கேட்கும். அங்கேதான் முன்னால் பறந்தவர்கள் ஒவ்வொருவராக வேகம் குறைந்து என்னிடம் பின்தங்கினார்கள். ஒரு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கிவிட்டார். கடைசி ரவுண்டு 108. மொத்தம் 6:51. நான்காவது இடம்.

இது என் கைக்கடிகாரத்தில் இருந்த நேரம். அது செல்லாது என்று எழுத வருகிறவர்களுக்கு: வேறு நேரம் எதுவும் இல்லை. ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர்கள் முதல் மூன்று பேருக்கு மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். முடிவுத் தாளில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு. போய்க் கேட்டதற்கு, "மெடல் இல்லாதவங்களுக்கு டைமிங் எதுக்கு மேடம்?" என்றார் ஒருவர். நுழைவுக் கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். நீங்களும் உங்கள் கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். தூரத்துக்கு அதை நம்பாதீர்கள், ட்ராக்கின் வளைவுகளில் ஜிபிஎஸ் கன்னாபின்னாவென்று காட்டும். ரவுண்டு பட்டனை நீங்களே அமுக்குங்கள்.

மாதத்துக்கு 40 விநாடித் திட்டத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் நன்றாகவே குறையும், மறுக்கவில்லை. அதே வேகத்தில் குறைந்துகொண்டே போகும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஸ்ரீராம் சிங் முதல் ரவுண்டு முழுக்க முன்னணியில் ஓடி 1:45.77-ல் முடித்தார். அந்த இந்தியச் சாதனையை ஜின்சன் ஜான்சன் முறியடித்தது 2018-ல். நேரம் 1:45.65. 42 வருஷத்தில் குறைந்தது 0.12 விநாடி. அவர்கள் எங்கே நாம் எங்கே என்பீர்கள், உண்மைதான். மேலே போகப்போக விநாடி எவ்வளவு விலை ஏறும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆக உங்களுக்கு: முதல் போட்டிக்கு 7 நிமிடம். 300-ல் 1:24, அப்புறம் 3:16, 5:08, 7:00. மூன்று மாதப் பயிற்சியில் ஐந்து 400-களும் 106-ல் சரிசமமாக வர ஆரம்பித்தால் தாராளமாக 6:40-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓடிய பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கலாம், அதை நீங்கள் எழுதவில்லை. 5 நிமிடம் ஒருநாள் வருமா வராதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை, கேள்வி முதல் போட்டியைப் பற்றியது.

அடுத்து ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) வாங்கலாமா என்று கேட்பீர்கள். மண் ட்ராக்கா சிந்தெட்டிக்கா என்று முதலில் விசாரித்துவிட்டு வந்து கேளுங்கள்.